கடிதம் வழி வந்த குதங்கள்: திருகோணமலை எண்ணெய்க் குதத் தொகுதியும் இந்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் இலங்கை விரிவாக்கமும் (1987–2025)

ஆய்வுச் சுருக்கம்

அரசுடைமை நிறுவனமொன்று அயல்நாட்டில் கால் பதிக்கும்போது அந்நகர்வை வணிகக் கணக்கு தீர்மானிக்கிறதா, அரசின் தேவை தீர்மானிக்கிறதா என்னும் வினாவை, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நாட்டில் இருவகைச் சொத்துகளைப் பெற்றது. விலை கொடுத்து வாங்கிய எரிபொருள் நிரப்பு நிலையங்கள் விரைந்து வளர்ந்தன. அரசுகளிடையேயான கடிதத்தின் பேரில் வந்த எண்ணெய்க் குதங்கள் பெரும்பகுதி இருபது ஆண்டுகள் துருவேறிக் கிடந்தன. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களே இக்கட்டுரையின் பொருள்.

திறவுச் சொற்கள்: பொதுத்துறை நிறுவனம், திருகோணமலை, சீனன்குடா, இந்திய – இலங்கை உடன்படிக்கை, லங்கா ஐ.ஓ.சி., பெற்றோலியக் கூட்டுத்தாபனம், சம்பூர்

குதங்களின் முன்வரலாறு

திருகோணமலை நகருக்கு அருகே சீனன்குடாவில், ஏறத்தாழ 850 ஏக்கர் பரப்பில், 99 எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. ஈழத்து வழக்கில் இவை 'எண்ணெய்க் குதங்கள்' எனப்படும். இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது. ஒவ்வொரு குதமும் ஏறத்தாழ 12,000 கிலோலிட்டர் கொள்ளக்கூடியது. பிரித்தானியக் கடற்படைக்கான எரிபொருள் இருப்பாக, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இவை எழுப்பப்பட்டன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கியபோது இத்தொகுதியும் இலக்கானது. அன்று எரிந்த குதத்தின் எச்சம் பின்னரும் அகற்றப்படாமல் இருந்தது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தபின், 1960களில் குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன.

இக்கூட்டுத்தாபனத்தின் பிறப்பே ஓர் அரசியல் நிகழ்வு. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அதனை நிறுவியது. மறு ஆண்டில் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய அயல்நாட்டு நிறுவனங்களின் விநியோக நிலையங்கள் பலவற்றை அது கையகப்படுத்தியது. இழப்பீடு குறித்த இழுபறியால் 1963 பிப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அமெரிக்க நிறுவனங்களின் சொத்தைக் கையகப்படுத்தி உரிய இழப்பீடு தராத நாடுகளுக்கு உதவியை மறுக்கும் ஹிக்கன்லூப்பர் சட்டத்திருத்தம் முதன்முதலில் செயற்படுத்தப்பட்டது இலங்கையின் மீதே. 1964 முதல் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று. எண்ணெய் என்பது இறைமையின் அடையாளம் என்னும் உணர்வு இலங்கைப் பொதுவாழ்வில் வேரூன்றிய காலம் இது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டின் அரசுடைமை நிறுவனம் அங்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பை, 'இந்திய எதிர்ப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முற்படும் எழுத்துகள் இம்முன்வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

இந்தியன் ஆயிலின் பிறப்பும் இதே காலத்தைச் சேர்ந்தது. இந்தியன் ரிஃபைனரீஸ், இந்தியன் ஆயில் கம்பெனி ஆகிய இரு அரசு நிறுவனங்கள் 1964 செப்டம்பரில் இணைக்கப்பட்டு அது உருவாயிற்று. இரு நாடுகளிலும் அயல்நாட்டு எண்ணெய் நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தவே அரசு எண்ணெய் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று பின்னாளில் மற்றொன்றின் வாயிலில் 'அயல்நாட்டு நிறுவனமாக' நிற்க நேர்ந்தது.

1987: உடன்படிக்கையும் கடிதமும்

1980களின் தொடக்கத்தில் ஜே. ஆர். ஜெயவர்தனவின் அரசு, பயன்பாடின்றிக் கிடந்த குதங்களைக் குத்தகைக்கு விட முனைந்தது. சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனமொன்றை உள்ளடக்கிய குழுமத்துக்கு அவை செல்லக்கூடும் என்ற நிலை எழுந்தபோது, அதன் பின்னணியில் அமெரிக்கக் கடற்படையின் நலன் இருக்கலாம் எனப் புதுதில்லி ஐயுற்றது. அவ்வையத்திற்கு எத்துணை அடிப்படை இருந்தது என்பது வேறு வினா. இலாபம் தரக்கூடிய சேமிப்பகம் என்ற பார்வை இந்திய அரசின் கவலையில் இடம்பெறவில்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. பிறர் கைக்குப் போய்விடக்கூடாத இடமாகவே குதங்கள் புதுதில்லிக்குத் தோன்றின.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை பலராலும் ஆராயப்பட்டது. அன்றே இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அவ்வளவு கவனம் பெறவில்லை. உடன்படிக்கை இனப்பிரச்சினையைப் பேசிற்று; கடிதங்கள் இந்தியாவின் பாதுகாப்புக் கவலைகளைப் பேசின. அயல்நாட்டுப் படை, உளவுப் பணியாளர்களின் பயன்பாடு, திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்திய நலனுக்கு ஊறாகப் பிற நாடுகளின் படைப் பயன்பாட்டுக்கு விடாமை, அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் ஆகியவற்றோடு, திருகோணமலைக் குதத் தொகுதியைச் சீரமைத்து இயக்கும் பணி இந்திய – இலங்கைக் கூட்டு முயற்சியாக மேற்கொள்ளப்படும் என்பதும் அவற்றில் ஒரு கூறாயிற்று.

அக்கூற்றில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. முதலீட்டுத் தொகையோ கால வரையறையோ பங்கு விகிதமோ இல்லை. வணிக ஆவணமாகப் படித்தால் அது வெற்றுத்தாள். அரசியல் ஆவணமாகப் படித்தால், இலங்கை அரசு வேறெவருக்கும் குதங்களைக் கொடுக்க முடியாதபடி செய்த தடை ஆணை. நிறுவனம் பின்னர்த் தேடிக்கொள்ளத்தக்கது. முதலில் இடம் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

உடன்படிக்கையின் பிற கூறுகளுக்கு நேர்ந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. தமிழர் அரசியலில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட வடக்கு – கிழக்கு மாகாண இணைப்பு தற்காலிகமாகச் செய்யப்பட்டது. திருகோணமலையே அம்மாகாண சபையின் இருக்கையாயிற்று. கிழக்கில் நடத்தப்பட வேண்டிய பொது வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. 2006 அக்டோபரில் இலங்கை உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. இணைப்பு மறைந்தது, எண்ணெய்க் கூறு உயிரோடிருந்தது. அதைக் காக்க ஓர் அரசும், பின்னர் ஓர் அரசு நிறுவனமும் தொடர்ந்து முயன்றன. இணைப்புக்கு அத்தகைய காவலர் எவரும் இருக்கவில்லை.

பதினைந்தாண்டு இடைவெளியும் நிறுவனத்தின் வருகையும்

இந்திய அமைதி காக்கும் படையின் வருகை, மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி, படையின் வெளியேற்றம், தொடர்ந்த போர் ஆகியவற்றிடையே குதங்களைப் பற்றிய கடிதக் கூறு உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பிய சூழல்கள் மூன்று. 2001 டிசம்பரில் ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். அவரது அரசு எரிபொருள் துறையின் தனியுரிமையைத் தளர்த்த விரும்பியது. 2002 பிப்ரவரியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அஃதின்றித் திருகோணமலையில் முதலீடு என்பது பேச்சளவிலேயே நின்றிருக்கும். இந்தியாவிலோ 2002 ஏப்ரலில் எரிபொருள் விலையை அரசு நிர்ணயிக்கும் முறை முடிவுக்கு வந்தது. உள்நாட்டில் போட்டியை எதிர்நோக்கிய இந்தியன் ஆயில் வெளிச்சந்தைகளைத் தேடியது. 2001இலேயே அது மொரிசியசில் துணை நிறுவனம் தொடங்கியிருந்தது.

2002ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பெற்றோலியப் பொருட்கள் சிறப்பேற்பாட்டுச் சட்டம் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையை நீக்கியது. அவ்வாண்டிலேயே லங்கா ஐ.ஓ.சி. பதிவாயிற்று. கூட்டுத்தாபனத்தின் 100 எரிபொருள் நிரப்பு நிலையங்களை 7.5 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து அது பெற்றது. பொதுச் சேமிப்பக நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கும் அதற்குக் கிடைத்தது. 2004 இறுதியில் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்குகளை வெளியிட்டது. தாய் நிறுவனம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. சட்டம், விலை, பங்குப் பத்திரம் என மூன்றும் ஒழுங்காக அமைந்த பரிவர்த்தனை இது. பின்வந்த ஆண்டுகளில் நிலையங்களின் எண்ணிக்கை இருநூறைக் கடந்தது.

குதங்களின் கதை வேறு. 2003 பிப்ரவரியில் இலங்கை அரசு, கூட்டுத்தாபனம், லங்கா ஐ.ஓ.சி. ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட உடன்பாடு, 99 குதங்களையும் 35 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு இலட்சம் டாலர் வாடகையில், குத்தகைக்குத் தர வகை செய்தது. ஆறு மாதத்திற்குள் முறையான குத்தகைப் பத்திரம் எழுதப்பட வேண்டும் என்பது நிபந்தனை. அப்பத்திரம் எழுதப்படவில்லை. நிறுவனம் கீழ்த்தொகுதியில் ஏறத்தாழ பதினைந்து குதங்களைச் சீரமைத்துப் பயன்படுத்தியது. திருகோணமலையிலேயே உராய்வெண்ணெய்க் கலப்பு ஆலையும் அமைத்தது. காட்டுக்குள் நின்ற மேற்தொகுதியை அது தொடவில்லை. உரிமை உறுதியற்ற நிலத்தில் பெருந்தொகை முதலிட எந்த நிறுவனமும் தயங்கும். குதங்களைக் கைவிடவோ தாய் அரசு இசையவில்லை. முதலிடவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல், வாடகை கட்டிக்கொண்டே இருப்பது அதன் நிலையாயிற்று. தனியார் நிறுவனமாக இருந்திருந்தால் ஐந்தாண்டுகளில் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும்.

நிரப்பு நிலையங்களும் அரசியலுக்கு அப்பாற்பட்டவையாக இருக்கவில்லை. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது கொழும்பு உள்நாட்டு விலையை உயர்த்தத் தயங்கியது. விற்பனையாளருக்கு நேரும் இழப்பை மானியத்தால் ஈடுகட்டுவது என்பது ஏற்பாடு. மானியம் நிலுவையில் தங்கியபோது நிறுவனம் நட்டத்தைச் சுமந்தது. கூட்டுத்தாபனத்திற்கும் அதே நட்டம் நேர்ந்தது. ஆனால் அதன் நட்டத்தை அரசு வங்கிகளின் கடன் மூடியது. அயல்நாட்டு அரசின் நிறுவனத்துக்கு அவ்வசதி இல்லை. அதன் சிறுபான்மைப் பங்குதாரர்கள் கொழும்புச் சந்தையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தனர். எனினும் இந்த இடர் விலை, நிலுவை, வட்டி என எண்ணில் அளக்கத்தக்கது. பேசித் தீர்க்கலாம், தீராவிடில் விலையை உயர்த்தலாம், விற்பனையைக் குறைக்கலாம். குதங்கள் தொடர்பான இடர் எண்ணில் அடங்குவதன்று.

கொழும்பின் கணக்கு

இவ்வரலாற்றைப் புதுதில்லியின் பக்கத்திலிருந்து மட்டும் எழுதினால் கொழும்பு வெறும் மேடையாகிவிடும். கொழும்பின் அரசுகளும் குதங்களைத் தத்தம் தேவைக்கேற்ப ஆண்டன. எதிர்க்கட்சியாக இருக்கையில் குதங்களை மீட்போம் என்பதும், ஆளுங்கட்சியானபின் புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதுவதும் கட்சி வேறுபாடின்றி நிகழ்ந்தன. 2015இல் நரேந்திர மோதியின் கொழும்புப் பயணத்தின்போது மேற்தொகுதியைக் கூட்டாகச் சீரமைக்க இணக்கம் காணப்பட்டது. 2017 ஏப்ரலில் அது மீண்டும் ஓர் ஒப்பந்தத்தில் ஏறியது. அவ்வாண்டு ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. குதங்களை இந்தியாவுக்குக் கொடுக்கக்கூடாது, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவுக்குக் கொடுக்கக்கூடாது, சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலையை மேம்படுத்த வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். அரசு படையினரை இறக்கி எரிபொருள் விநியோகத்தைத் தொடர்ந்தது.

அதே மாதம் 29ஆம் நாள், அதாவது 1987 கடிதங்களின் முப்பதாம் ஆண்டு நிறைவன்று, சீன அரசுடைமையான சைனா மெர்ச்சன்ட்ஸ் குழுமத்தின் துறைமுக நிறுவனத்துடன் அம்பாந்தோட்டை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாள் ஒற்றுமை தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இரு ஒப்பந்தங்களின் அமைப்பை அருகருகே வைத்துப் பார்த்தல் பயனுடையது. அம்பாந்தோட்டையில் 99 ஆண்டு, 112 கோடி டாலர், பங்கு விகிதம் ஆகியன தொடக்கத்திலேயே எழுதப்பட்டன. எதிர்ப்பு கடுமையாக இருந்தும் உரிமை கைமாறியது. திருகோணமலையில் முப்பது ஆண்டுகள் கழிந்தும் நிலத்தின் பத்திரம் இல்லை. இரண்டும் அரசியலால் உந்தப்பட்ட அரசு நிறுவன விரிவாக்கங்களே. சீன அரசின் நோக்கமும் வணிகத்தோடு நின்றதன்று. ஆயினும் அங்கு அரசியல் ஒரு விலையாக மொழிபெயர்க்கப்பட்டது. இங்கு அது வாக்குறுதியாகவே நின்றுவிட்டது. வாக்குறுதியைப் பெற்றவர் ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தின்போதும் அதை மீண்டும் கேட்க வேண்டும்.

2022 ஜனவரி 6 அன்று இழுபறி ஒருவாறு தணிந்தது. 99 குதங்களுள் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 கூட்டுத்தாபனத்திற்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த திருகோ பெற்றோலியம் டெர்மினல் நிறுவனத்திற்கும் ஐம்பது ஆண்டுக் குத்தகையாகப் பிரிக்கப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் 51 விழுக்காடு கூட்டுத்தாபனத்துடையது. 49 லங்கா ஐ.ஓ.சி.யுடையது. 2003இல் 99 குதங்களும் என்று எழுதப்பட்ட இடத்தில் இப்போது 14 மட்டும் முழு உரிமையோடு கிடைத்தன. தாளில் இது பின்வாங்கல், பத்திரத்தில் முன்னேற்றம். அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்த அந்நாளில் கொழும்பு புதுதில்லியிடம் உதவி கோரிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 2 அன்று எரிபொருள் வாங்க 50 கோடி டாலர் கடன் வசதி இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழியே கையெழுத்தானது. குதங்களும் கடனும் நேரடியாக மாற்றிக்கொள்ளப்பட்டன என்று சொல்வதற்கு வெளிப்பட்ட ஆவணம் இடந்தரவில்லை. ஒரே மேசையில் ஒரே பருவத்தில் பேசப்பட்டன என்பது மட்டும் தெளிவு.

அதே ஆண்டின் நெருக்கடி அரசு நிறுவனத்தின் இரட்டை இயல்பையும் வெளிக்காட்டியது. கூட்டுத்தாபனத்தின் விலை உயர்வுக்குக் காத்திராமல் பிப்ரவரியிலேயே லங்கா ஐ.ஓ.சி. தன் விலையை உயர்த்தியது. அது வணிக நிறுவனத்தின் நடத்தை. ஜூன் இறுதியில் இன்றியமையாச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசு அறிவித்து, கூட்டுத்தாபனத்தின் நிலையங்கள் வறண்டபோது, லங்கா ஐ.ஓ.சி.யின் சீனன்குடா இருப்பிலிருந்து எரிபொருள் வந்துகொண்டிருந்தது. புதுதில்லி அதை அண்டை நாட்டுக்குச் செய்த உதவியாக எடுத்துரைத்தது. வரிசையில் நின்றவருக்கு அவ்வேறுபாடு பொருட்டாக இருந்திராது. 2023இல் சீன அரசுடைமை நிறுவனமான சினோபெக் 150 நிலையங்களோடு சில்லறை விற்பனைக்கு வந்ததும் போட்டியின் இயல்பு மாறியது. 1960களில் தனியார் பன்னாட்டு நிறுவனங்களை வெளியேற்றிய நாட்டில், இன்று சொந்த அரசின் கூட்டுத்தாபனத்தோடு இரு அயல் அரசுகளின் நிறுவனங்கள் எண்ணெய் விற்கின்றன.

சம்பூர்: கடிதத்தில் இல்லாதவர்கள்

சீனன்குடாவுக்கு எதிரே, கொட்டியாறுக் குடாவின் தென்கரையில் சம்பூர் உள்ளது. 2006இல் போர் மீண்டபோது அவ்வூர்த் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், இந்தியப் பொதுத்துறை மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்திற்கு வந்தன. 2007 மே மாதம் சம்பூர் உள்ளிட்ட பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மின்நிலையத்திற்கான இடமாகச் சம்பூரே குறிக்கப்பட்டது. 2011இல் கூட்டு நிறுவனமும் உருவாயிற்று. ஊரார் ஆண்டுக்கணக்கில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015இல்தான் விடுவிக்கப்பட்டது. மறு ஆண்டில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டு, பின்னர் அதனிடத்தைச் சூரிய மின் திட்டம் பெற்றது.

நிலத்தைப் பறித்தது என்.டி.பி.சி. என்று கூறுதல் தவறாகும். மக்களை வெளியேற்றியது போர், வலயத்தை அறிவித்தது இலங்கை அரசு. ஆனால் வெளியேற்றப்பட்ட மக்களின் நிலம் ஒரு மேசையில் வெற்றிடமாகத் தோன்ற முடிந்தமைக்கு, பேச்சு இரு அரசுகளுக்கு இடையே மட்டும் நிகழ்ந்தமையே காரணம். தனியார் முதலீட்டாளர் நிலத்தின் உரிமை வழக்கை அஞ்சுவார்; கடன் தரும் வங்கி கேள்வி கேட்கும். அரசு நிறுவனம் எதிர்த்தரப்பு அரசின் சொல்லையே உரிமைப் பத்திரமாக ஏற்கப் பழகியது. சீனன்குடாவில் அப்பழக்கத்தின் விலையை நிறுவனம் கொடுத்தது. சம்பூரில் ஊரார் கொடுத்தனர். தமிழர் நலனுக்கெனக் கையெழுத்தான உடன்படிக்கையின் இணைப்பாகத் திருகோணமலைக்குள் நுழைந்த இந்தியப் பொதுத்துறையின் வரலாற்றில், அம்மாவட்டத் தமிழர் எந்தக் கட்டத்திலும் பேச்சுத் தரப்பாக இருந்ததில்லை. இலங்கைத் தமிழ்க் கட்சிகளும் பெரும்பாலும் இத்திட்டங்களை இந்தியாவின் இருப்புக்கான சான்றாக வரவேற்றனவேயன்றி, அவற்றின் நிபந்தனைகளைக் கூர்ந்து வினவியது குறைவு.

2025 ஏப்ரல் 5 அன்று, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான முத்தரப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியன கொழும்பில் கையெழுத்திட்டன. அப்போதைய குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 1987 உடன்படிக்கையை ஆயுதமேந்தி எதிர்த்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர். சம்பூர்ச் சூரிய மின் திட்டத்தின் தொடக்க நிகழ்வும் அன்றே நடைபெற்றது. எண்ணெய்க் குழாய்வழியும் குதங்களின் வளர்ச்சியும் புதிய ஒப்பந்தத்தின் நோக்கங்களாயின. பங்கு விகிதமும் முதலீட்டு அளவும் நிறுவனங்களிடையே பின்னர்ப் பேசப்படுவதற்கு விடப்பட்டன. 61 குதங்கள் நிற்கும் மேற்தொகுதியில் அப்போதும் காடு மண்டியிருந்தது.